சில நாள் உதவி

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். மைசூர்பாக்குதான் உள்ள. நசுங்குனா நசுங்கட்டும், வாங்கிக்க வேண்டியவங்க வாங்கிக்கல.

நீங்க பொள்ளாச்சியில எறங்கிக்குவீங்களா? நான் கோயமுத்தூர் வரைக்கும் போகோணும். உடுமலைக்கு ஒரு புள்ளையைப் பார்க்க வந்தேனுங்க. மனசு சரியில்ல. யாருகிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது. வீட்ல சொன்னா, "அதான் போனீங்களே, பார்த்தீங்களே, விடுங்க"ன்னு சொல்லிப்போடுவா. நீங்க வெளியாளு. நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க, நான் என்ன பண்ணிப்போட்டேன்னு.

ஜெயசீலின்னு பேருங்க. எங்க கம்பெனியில எட்டு வருசம் இருந்துச்சு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனா கம்ப்யூட்டர் வேலை. ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க? நெசந்தான். திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிக்கறதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்குது. காதுல மாட்டிக்கிட்டா அது படபடன்னு படிக்கும், நமக்கு ஒரு எழுத்துப் புரியாது, அந்தப் புள்ளைக்குப் புரியும். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணுக்கு நாங்க புரோகிராம் எழுதித் தர்றோம். அதுல பழைய பாலிசிக்கெல்லாம் கணக்குப் போடற பகுதி முழுக்க ஜெயசீலிதான். உடுமலையில வீட்ல இருந்தே வேலை. அக்கா ஒருத்தி, ரெஜினா, மில்லுக்குப் போறவ. ரெண்டு பேருதான் வீட்ல.

நான் அங்க என்ன பண்றேன்னு கேட்பீங்க. புரோகிராம் எழுதறவங்களுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் பண்ணிக் குடுக்கறது. மிஷின், லாகின், அனுமதி, இதெல்லாம். என் பேரு மோகனசுந்தரம். கம்பெனியில போய் மோகனண்ணான்னு கேட்டீங்கன்னா வாட்ச்மேன்கூடச் சொல்லுவாரு.

போன வருசம் அந்த வெளிநாட்டுக்காரங்க ஒரு உத்தரவு போட்டாங்க. இனிமே யாரோட லேப்டாப்புலயும் புரோகிராம் இருக்கக்கூடாதுன்னு. திருட்டுப் போயிருமாம். அதனால எல்லாருக்கும் தூரத்துல, கிளவுட்ல, ஆளுக்கொரு மிஷின். ஒர்க்ஸ்பேஸும்பாங்க. நம்ம கையில இருக்கறது வெறும் திரை. இது வரைக்கும் சரி. ஆனா அந்த மிஷினுக்குப் புரோகிராமை எடுக்கோணும், எழுதுனதைத் திருப்பி வைக்கோணும். புரோகிராம் எல்லாம் இருக்கற எடம் வேற, அதை ரெப்போம்பாங்க. முன்னெல்லாம் அவங்கவங்க லேப்டாப்புல ஒரு சாவி இருக்கும், அதை வெச்சுத் தொறந்துக்குவாங்க. இப்ப அந்தச் சாவியெல்லாம் கூடாது. ஒவ்வொருத்தரும் ரெப்போக்காரன்கிட்டயே போய், "நான் இன்னாரு"ன்னு நிரூபிச்சு, அங்கிருந்து அனுமதி வாங்கிட்டு வரோணும். எக்ஸ்டர்னல் ஆத்தென்டிகேஷன். அதை அமைச்சு ஓட வைக்கற வேலை என் தலையில விழுந்துச்சு.

லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நம்ம ஒர்க்ஸ்பேஸை ரெப்போவுல பதியோணும். அவன் ஒரு அடையாளமும் ஒரு ரகசியச் சொல்லும் குடுப்பான். அதைக் கொண்டுவந்து நம்ம சர்வர்ல வைக்கோணும். அப்புறம் ஆளைச் சரிபார்த்ததும் எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்போணும்னு எழுதிக் குடுக்கோணும். அந்த முகவரியில ஒரு புள்ளி மாறுனாலும் ஒத்துக்க மாட்டான். எனக்கு அங்கதான் மாட்டிக்கிச்சு. எத்தனை தடவை பார்த்தாலும் முகவரி சரியா இருக்குது, ஆனா தப்பு தப்புன்னே சொல்றான். ஒரு வாரம் சாப்பாடு எறங்கல. ஒருநாள் கேன்டீன்ல தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே போன்ல அதையே பார்த்துட்டிருக்கேன், சட்டுனு தெரியுது. முகவரிக் கடைசியில ஒரு சாய்ஞ்ச கோடு. அங்க இருக்குது, இங்க இல்ல. அவ்வளவுதான்! தட்டை அப்படியே வெச்சுட்டு மேல ஓடுனேன். கோட்டைச் சேத்தேன், கதவு தொறந்துக்கிச்சு. எங்க மேனேஜர் சந்தானகிருஷ்ணன், யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டாரு, அவரே எந்திரிச்சு வந்து கையைக் குடுத்தாரு. அந்தச் சந்தோசம் இருக்குதே, அதையெல்லாம் வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாதுங்க.

மறுநாள் எல்லாரும் புது வழியில உள்ள வந்தாங்க. ஒருத்தருக்கும் ஒரு கொறையும் இல்ல. ஜெயசீலிகிட்ட இருந்து மட்டும் போன்.

"அண்ணா, அந்தப் பக்கம் எனக்குப் படிக்க மாட்டேங்குதுங்ணா."

எந்தப் பக்கம்னா, அனுமதி வாங்கறப்ப நடுவுல எங்க கம்பெனியோட பக்கம் ஒண்ணு வரும். ஆளு நெசமான ஆளுதானான்னு பார்க்கறதுக்கு. திரையில ரெண்டு இலக்கத்துல ஒரு எண்ணு காட்டும், அதே எண்ணை உங்க போன்ல அமுத்தோணும். அந்த எண்ணைப் படமாப் போட்டு வெச்சிருந்தோம். கண்ணுக்கு நல்லாப் பெருசா, நீல நெறத்துல. ஜெயசீலியோட சாப்ட்வேர் அதைப் படிக்காது. "படம்"னு மட்டும் சொல்லும். திருப்பித் தட்டுனா திருப்பியும் "படம்". ஒரு நிமிசத்துல அந்த எண்ணு காலாவதி, வேற எண்ணு வந்துரும். அதுவும் படம்.

அக்கா இருந்தாப் பார்த்துச் சொல்லிரும். ஆனா அக்கா விடியால மில்லுக்குப் போயிரும். மிஷினுக்குள்ள நுழையறதை ஒரு ஞாயித்துக்கெழமை அக்காவை வெச்சு முடிச்சுக்கிச்சு, அது ரொம்ப நாளைக்குத் தாங்கும். ரெப்போவுக்கான அனுமதி அப்படியில்ல. தினமும் காலையில ஆபீஸ் நேரத்துக்குச் செத்துப்போயிரும், தினமும் புதுசா வாங்கோணும். அதுவும் வெளிநாட்டுக்காரன் உத்தரவுதான்.

ரெண்டு தடவை மெயில் போட்டுச்சு. "அண்ணா, அந்த எண்ணை எழுத்தா போட்டுட்டீங்கன்னா நானே பண்ணிக்குவேன்"னு. நான் விட்டுப்போடலீங்க. டிக்கெட்னு ஒரு கோரிக்கைச் சீட்டுப் போட்டு வரிசையில சேத்தேன். ஆனா அந்த வரிசையில முன்னாடி என்னென்ன இருக்குதுன்னு பார்க்கோணுமில்ல? எல்லாரையும் பாதிக்கற வேலை முன்னாடி, ஒருத்தரைப் பாதிக்கறது பின்னாடி. இது நான் வெச்ச சட்டமில்ல, எல்லா எடத்துலயும் அப்படித்தான்.

அதுக்காக அந்தப் புள்ளையை அப்படியே விட முடியுங்களா? எனக்குத் தங்கச்சி மாதிரி. ஒரு வழி கண்டுபிடிச்சுக் குடுத்தேன். அதுலயே இன்னொரு முறை இருக்குது. ஒர்க்ஸ்பேஸ் ஒரு குறியீட்டை எழுத்தாவே காட்டும். அந்தக் குறியீட்டை வேற எந்தக் கம்ப்யூட்டர்ல வேணாலும் அடிச்சு, சரின்னு அமுத்துனா, இங்க அனுமதி வந்துரும். அந்தப் புள்ள குறியீட்டைக் கேட்டு எனக்குப் போன்ல சொல்லோணும், நான் என் சீட்ல அடிக்கோணும். அம்புட்டுத்தான்.

தினமும் காலையில போன் வரும்.

"அண்ணா, சொல்லட்டுங்களா?"

"சொல்லு கண்ணு."

"கே, எஃப், ஏழு, டி..."

"டியா, பியா?"

"டிங்ணா. டெல்லி டி."

அமுத்துவேன். "வந்துருச்சுங்ணா, தேங்க்ஸ்ங்ணா"ன்னு வெச்சிரும். நான் எத்தனையோ வேலையில இருப்பேன், மீட்டிங்ல இருந்தாக்கூட எந்திரிச்சு வெளிய வந்து பண்ணிக் குடுத்திருக்கேன். உண்மையைச் சொன்னா, காலையில அந்தப் போன் வரலைன்னா எனக்கே என்னமோ மாதிரி இருக்கும். ஒருநாள் குடும்பத்தோட பழனிக்குப் போயிட்டேன், போனை அணைச்சு வெச்சுட்டேன். பாவம், மத்தியானம் வரைக்கும் காத்திருந்திருக்குது. அதுக்குக்கூட ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. அப்படிப்பட்ட புள்ள.

ஒருக்கா கேட்டுச்சு. "ஏங்ணா, உங்க திரையில யாரு லாகின் ஆயிருக்கறது?"

"நான்தான் கண்ணு. என் சீட்டுல வேற யாரு இருப்பாங்க?"

"அப்ப அனுமதி உங்க பேர்லதானே வரும்? நான் அனுப்பற வேலையெல்லாம் உங்க பேர்லதானே ஏறும்?"

புத்திசாலிப் புள்ள. எனக்கு அது தோணவேயில்லீங்க. ஆனா பயமுறுத்தக் கூடாதுன்னு, "எழுதுனவங்கங்கற எடத்துல உன் பேருதான் இருக்கும், அனுப்புனவங்கங்கற எடத்துல என் பேரு இருந்தா என்ன? வேலை ஓடுதில்ல? விடு"ன்னு சொன்னேன். "சரிங்ணா"ன்னு வெச்சிருச்சு.

இப்படியே ஓடிட்டிருந்துச்சு. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

அப்புறந்தான் வெளிநாட்டுக்காரங்க செலவைக் கொறைக்கோணும்னாங்க. ஆளைக் கொறைக்கோணும்னு அர்த்தம். சந்தானகிருஷ்ணன் ரெப்போவுல இருந்து ஒரு அறிக்கை எடுத்தாரு, புது ஏற்பாடு வந்ததுல இருந்து யாரு எவ்வளவு வேலை அனுப்பியிருக்காங்கன்னு. அனுப்புனவங்க பேரை வெச்சுத்தான் எடுத்தது. அதுல நான்தான் மொதல்ல வந்திருக்கேன். எனக்கே சிரிப்பு. புரோகிராம் எழுதறது என் வேலையே இல்ல. கடைசியில ஜெயசீலி. ஒண்ணுமே இல்ல. வெறும் காலி.

எச்.ஆர்.ல ஒரு பொண்ணு, புதுசா வந்தவ, வீடியோவுல கூப்பிட்டு ஜெயசீலிக்கு அதைப் படிச்சுக் காட்டியிருக்குது. ஜெயசீலி அழுகல, ஒண்ணும் பண்ணல. "அந்த வேலையெல்லாம் என்னோடதுங்க. மோகனண்ணா லாகின்ல போயிருக்குது. அவரைக் கேளுங்க"ன்னு மட்டும் சொல்லியிருக்குது.

என்னைக் கூப்பிட்டாங்க. சந்தானகிருஷ்ணன் ரூமுக்குள்ள போறேன், அவரு கதவைச் சாத்தச் சொன்னாரு.

"மோகன், உங்க லாகின்ல வேற ஆளை வேலை பார்க்க விட்டீங்களா?"

இந்தக் கேள்வியோட கனம் உங்களுக்குத் தெரியாதுங்க. லாகினை இன்னொருத்தருக்குக் குடுத்தா அன்னைக்கே வேலை போயிரும். அந்த வெளிநாட்டுக்காரங்களோட எந்தக் காலத்துலயும் சேர முடியாது. என் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. வீட்டுக் கடன் பாதி நிக்குது. அதுவும் இந்த ஏற்பாட்டை அமைச்சவனே நான். யாரும் இன்னொருத்தர் பேர்ல நுழையக் கூடாதுன்னுதானே அதை அமைச்சதே!

"சில நாள் உதவி பண்ணியிருக்கேன் சார்"னு சொன்னேன்.

"சில நாளா?"

"ஆமாங்க சார். பார்வை இல்லாத புள்ள. எப்பவாச்சும் சிக்கிக்கிட்டா..."

அவரு அறிக்கையைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு. "சில நாள்னா, மத்த நாள் அந்தப் புள்ள பண்ண வேலையெல்லாம் எங்க?"ன்னு கேட்டாரு. அதை என்னையக் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கிட்டாரான்னு எனக்குத் தெரியல. நான் வாயைத் தொறக்கல. கேள்வி எனக்கில்லைங்கறப்ப பதில் சொல்றது அதிகப்பிரசங்கித்தனம்.

பொய்யில்லீங்க அது. யோசிச்சுப் பாருங்க. சில நாளுக்குள்ள எல்லா நாளும் வருமில்லீங்களா? நான் ஒரு நாளும் உதவலைன்னு சொல்லல. உதவுனேன்னுதான் சொன்னேன். அதை அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கங்கறது அவங்க பாடு.

அந்த மாசமே ஜெயசீலியை அனுப்பிட்டாங்க. காலையில போன் வர்றது நின்னு போச்சு. நான் ஒருக்கா கூப்பிட்டேன், எடுக்கல. நம்பர் மாத்தியிருக்கும்னு விட்டுட்டேன்.

அடுத்த காலாண்டுல என்னை டீமுக்குத் தலைவனா, லீடாப் போட்டாங்க. மொதல்ல வந்தவனுக்குத்தானே போடுவாங்க. நானா போய்க் கேட்கல.

கேளுங்க, இன்னும் இருக்குது. சென்னையில ஒரு கம்பெனியில அந்தப் புள்ள இன்டர்வியூவுல எல்லாச் சுத்தும் தேறிருச்சு. கடைசியில, போன வருசம் பண்ண வேலைக்கு யாராவது சாட்சி சொல்லோணும்னு கேட்டிருக்காங்க. என் பேரைக் குடுத்திருக்குது. பாருங்க, அப்பவும் என் மேல நம்பிக்கை. அங்கிருந்து ஒருத்தர் எனக்குப் போன் பண்ணுனாரு. நல்ல மனுசன், மரியாதையாப் பேசுனாரு. "உங்க ரெப்போவுல அவங்க பண்ணது என்னென்னன்னு கொஞ்சம் சொல்ல முடியுங்களா?"ன்னாரு. "எங்க எச்.ஆர்.கிட்டக் கேட்டுக்கங்க சார், அதுதான் முறை"ன்னு சொல்லி நம்பரும் குடுத்தேன். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பனா? இல்ல. எச்.ஆர். என்ன சொன்னாங்களோ, அந்த வேலை அமையல.

இந்தாங்க, தண்ணி குடிக்கறீங்களா? இல்லீங்களா? சரி.

இப்ப என்ன ஆச்சுன்னா, போன மாசம் வெளிநாட்டுக்காரங்க ஒரு சோதனை பண்ணுனாங்க. அவங்க நாட்டுல சட்டமாம், பார்வை இல்லாதவங்களும் பயன்படுத்தற மாதிரி எல்லாப் பக்கமும் இருக்கோணுமாம். எங்க லாகின் பக்கம் அதுல தோத்துப் போச்சு. உடனே சரி பண்ணுங்கன்னு மேல இருந்து வந்துச்சு. நானே உக்காந்து பண்ணுனேன். அந்த எண்ணு படத்தை எடுத்துட்டு எழுத்தா வெச்சேன். இப்ப அந்தச் சாப்ட்வேரைப் போட்டா அழகாப் படிக்குதுங்க. "நாப்பத்தி ரெண்டு"ன்னு தெளிவாச் சொல்லுது. கேட்டதும் எனக்கு ஜெயசீலி ஞாபகம்தான். இதைச் சொன்னா எவ்வளவு சந்தோசப்படும்னு தோணுச்சு. போன்ல வேண்டாம், நேர்லயே போவோம்னுதான் இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். ஸ்வீட்டும் வாங்கிட்டு.

வீடு சந்துக்குள்ள. ரெஜினாதான் கதவைத் தொறந்துச்சு, இன்னைக்கு வார விடுப்பாம். வாங்கன்னு வாய் சொல்லுச்சு, கையி கதவை விடல. உள்ள ஜெயசீலி கட்டில்ல உக்காந்து, தலையில ஹெட்போனு மாட்டிட்டிருந்துச்சு. கொரலைக் கேட்டதுமே தெரிஞ்சுக்கிச்சு.

"வாங்க சார்"ன்னுச்சு.

சார்! எட்டு வருசமா அண்ணான்னு கூப்பிட்ட புள்ள.

"என்ன கண்ணு, இப்ப என்ன பண்றே?"ன்னேன்.

"போன்ல பேசற வேலைங்க சார். கடன் கட்டாதவங்களுக்கு ஞாபகப்படுத்தணும்."

"புரோகிராம் வேலை தேடலையா?"

"தேடறேன். எல்லா எடத்துலயும் கடைசி வேலையக் கேட்கறாங்க." அவ்வளவுதான் சொல்லுச்சு. என்னையக் கொறை சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல.

பக்கத்துல லேப்டாப்புல ஒரு விண்ணப்பம் பாதியில நின்னிருந்துச்சு. நீ மனுசன்தானான்னு சோதிக்கறதுக்கு, சைக்கிள் இருக்கற படத்தையெல்லாம் தொடச் சொல்லிட்டு நிக்குது. நான் எட்டிப் பார்த்து, "இரு கண்ணு, நான் தொட்டுத் தர்றேன்"னு கையை நீட்டுனேன்.

"வேண்டாங்க சார்."

"ஒரு நிமிச வேலை."

"வேண்டாங்க. அக்கா பார்த்துக்கும்." லேப்டாப்பை மூடிருச்சு.

உதவின்னு வந்தவன் கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. சரி போகட்டும்னு, வந்த விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இப்பப் பேசுது கண்ணு, எண்ணை எழுத்தா மாத்திட்டேன், இனிமே உன்னை மாதிரி யாரு வந்தாலும் ஒருத்தரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லைன்னு. நான் எதிர்பார்த்த மாதிரி மொகம் மலரல. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக் கேட்டுட்டு இருந்துச்சு.

"நல்லதுங்க சார். அதை மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

வேலை தெரிஞ்ச புள்ள கேட்குது, பெருமையாத்தான் சொன்னேன். "முக்கால் மணி நேரம்கூட ஆகல கண்ணு."

ரெஜினா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பார்த்துச்சு. நான் ஸ்வீட் பையை அதும் மடியில வெச்சேன். அது தடவிப் பார்த்து, எடுத்து, என் பக்கமாவே நீட்டுச்சு. "பாப்பாவுக்குக் குடுத்துருங்க சார். பன்னெண்டாவதுதானே, நல்லா எழுதச் சொல்லுங்க"ன்னுச்சு. அப்புறம், "எனக்கு வேலை நேரம் ஆரம்பிச்சிருச்சுங்க"ன்னு ஹெட்போனைச் சரி பண்ணிக்கிச்சு. எனக்கு எந்திரிக்கறதா, உக்காந்திருக்கறதான்னு தெரியல. செருப்பை மாட்டறதுக்குள்ள அடுத்த போனு போட்டிருச்சு. யாரோ எடுத்திருப்பாங்க போல.

"வணக்கம் சார், நான் ப்ரியா பேசறேன்"ன்னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. வாசல்ல நின்னு ரெஜினாவைக் கேட்டேன், ஏம்மா ப்ரியான்னு சொல்லுதுன்னு. "அங்க போன் பேசறவங்க எல்லாருக்கும் அந்தப் பேருதானுங்க"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திருச்சு.

பொள்ளாச்சி வந்துருச்சு போல. எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தினமும் காலையில எந்திரிச்சு நின்னு உதவுனவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கக் கூடாதுங்களா? அதைக்கூட விடுங்க. ஒரு கடங்காரன்கிட்டப் போய் இல்லாத பேரைச் சொல்லுதே, அதைத்தான் என்னால தாங்க முடியல. எட்டு வருசமாப் பார்த்திருக்கேன், பொய்யே சொல்லாத புள்ளைங்க அது.